ஒழுகுற இடம் வேற, ஓட்டை இருக்கிற இடம் வேற: மொட்டை மாடி பராமரிப்பு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

ஐப்பசி மழை ஆரம்பிச்சா போதும், நமக்கு வர்ற மெயில்ல பாதி ஒரே மாதிரி போட்டோவா இருக்கும். வெள்ளை சீலிங்ல டீ கொட்டின மாதிரி ஒரு பழுப்பு வட்டம். கீழே ஒரே ஒரு வரி: "ப்ரோ, இதுக்கு எந்த கோட்டிங் நல்லது?"

இந்தக் கேள்விக்கு இன்னைக்கு பதில் சொல்றேன், ஆனா கடைசியிலதான் சொல்வேன். ஏன்னா கோட்டிங் வாங்குறது இந்த வேலையில நாலாவது படி. முதல் மூணு படியைத் தாண்டிட்டு நேரா நாலாவதுல கால் வைக்கிறதாலதான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டியும் அதே இடத்துல அதே வட்டம் வருது.

நான் பேசப்போறது நம்ம ஊர் கான்கிரீட் மொட்டை மாடி பத்தி. தனி வீடோ, அபார்ட்மென்ட்ல கடைசி மாடியோ, ரெண்டுக்கும் பொருந்தும். உங்க அம்மா அப்பா 30 வருஷப் பழைய வீட்ல இருக்காங்கன்னா, நடுவுல துருப்பிடிச்ச கம்பி பத்தி வர்ற பகுதியை மட்டுமாவது தவறவிடாதீங்க. அது பெயின்ட் சமாச்சாரம் இல்ல, தலைமேல விழுற சமாச்சாரம்.

முதல்ல தண்ணியோட கணக்கு

1,000 சதுர அடி மாடி. அதுல 10 சென்டிமீட்டர் மழை பெய்யுது. எவ்வளவு தண்ணின்னு நினைக்கிறீங்க? கிட்டத்தட்ட 9,300 லிட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி வெள்ளம் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு 24 மணி நேரத்துல தாம்பரத்துல பதிவானது 49 சென்டிமீட்டர். அதே 1,000 சதுர அடி மாடி மேல அது 45,000 லிட்டருக்கும் மேல. மெட்ரோ வாட்டர்ல வர்ற 12,000 லிட்டர் லாரி இருக்குல்ல, அதுல நாலு லாரித் தண்ணியை உங்க மாடியில கொட்டின மாதிரி. இவ்வளவும் வெளியே போக வழி என்ன? மூலையில இருக்கிற நாலு இன்ச் குழாய். பல வீட்ல அதுவும் ஒண்ணே ஒண்ணு. அது வாயில ஒரு ஷாம்பூ பாக்கெட்டும் ரெண்டு மாவிலையும் உக்காந்திருக்கும்.

1,000 சதுர அடிக்கு நாலு இன்ச் குழாய் குறைஞ்சது ரெண்டாவது வேணும். அது அடைச்சா மாடி ஒரு தொட்டி ஆயிடும். ஒரு இன்ச் தண்ணி தேங்கினா 1,000 சதுர அடியில 2 டன்னுக்கு மேல எடை. எடையை விட பெரிய தொல்லை நேரம். ஓடுற தண்ணிக்கு விரிசலைத் தேட நேரம் இல்ல. தேங்குற தண்ணிக்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கு.

அதனால 'மொட்டை மாடி'ன்னு சொன்னாலும் அது முழுத் தட்டையா இருக்கவே கூடாது. கொத்தனார்கள் 'வாட்டம்'னு ஒரு வார்த்தை சொல்வாங்க. தண்ணி போற பக்கம் சரிவு. 10 அடிக்கு குறைஞ்சது ஒரு இன்ச் இறங்கணும், ஒன்றரை இன்ச் இருந்தா நிம்மதி. கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும். உங்க மாடியில வாட்டம் இருக்கான்னு பாக்க எந்தக் கருவியும் வேண்டாம். மழை நின்னு ஒரு மணி நேரம் கழிச்சு மேல ஏறுங்க. எங்கெல்லாம் குட்டை நிக்குதோ, அதைச் சுத்தி சாக்பீஸால ஒரு கோடு. வெயில் காலத்துல போனா, காஞ்சுபோன குட்டையோட விளிம்புல வட்டமா அழுக்குக் கறை இருக்கும். அதுவும் அதே சேதிதான்.

நீங்க நடக்குறது கான்கிரீட் மேல இல்ல

பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகள்ல 'மெட்ராஸ் டெரஸ்'னு ஒண்ணு இருக்கும். தேக்கு உத்திரம் போட்டு, அது மேல சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லை நிறுத்தி மூலைவாட்டமா சுண்ணாம்புல அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க. கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு அடிக்கிறது. கடைசியா தட்டோடு. இரும்புக் கம்பியே இல்லாத கூரை, நூறு வருஷம் தாண்டி இன்னும் நிக்குது.

அப்புறம் கம்பி கட்டின கான்கிரீட் தளம் வந்துச்சு. ஆனா மேல் பாதியை நம்ம ஆளுங்க விடல. கான்கிரீட் சிலாப் மேல அதே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு. அது மேல தட்டோடு. இதைத்தான் இன்னைக்கும் 'வெதரிங் கோர்ஸ்'னு சொல்றாங்க. வாட்டம் குடுக்குறதே இந்த அடுக்குதான், வெயில் சூடு சிலாப்புக்கு நேரா இறங்காம தாங்குறதும் இதுதான். புது ஃப்ளாட்கள்ல சுண்ணாம்புக்குப் பதிலா சிமென்ட் கலவை, தட்டோட்டுக்குப் பதிலா வெள்ளைக் கூல் டைல்ஸ். அமைப்பு அதேதான்.

இப்போ தலைப்புக்கு வரேன். ஓடுக்கும் ஓடுக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு விட்டுப்போச்சுன்னு வைங்க. தண்ணி உள்ளே போகுது. அடியில இருக்கிற ஜல்லி அடுக்கு பஞ்சு மாதிரி அதை உறிஞ்சுக்குது. அந்த அடுக்குக்குள்ளேயே தண்ணி வாட்டம் பாத்து மெல்ல நகருது. எங்கே சிலாப்ல ஒரு விரிசல் கிடைக்குதோ அங்கே இறங்குது. இறங்கின இடத்துல ஃபேன் மாட்டுற பெட்டியோ, ஒயர் போற குழாயோ இருந்தா அதுக்குள்ள புகுந்து, இன்னும் பத்தடி தள்ளி ட்யூப்லைட் பக்கத்துல சொட்டுது. நீங்க ட்யூப்லைட்டுக்கு நேர் மேல போய் சிமென்ட் பூசுறீங்க.

நம்ம வேலையில எரர் மெசேஜ் வர்ற வரியும் தப்பு இருக்கிற வரியும் ஒண்ணா இருக்காது இல்லையா? அதேதான். மழை நின்னு ரெண்டு நாள் கழிச்சும் சொட்டுறதுக்குக் காரணமும் இதுதான், அந்தப் பஞ்சு இன்னும் காயல.

ஒரு அவசரக் குறிப்பு. ஃபேன் வழியாவோ லைட் பாயின்ட் வழியாவோ தண்ணி வந்தா, அந்த லைனோட எம்சிபியை உடனே இறக்குங்க. ஸ்விட்சைத் தொட்டுப் பாக்குறது, பக்கெட் வெச்சுட்டு ஃபேனை ஓட விடுறது, ரெண்டும் வேண்டாம். எலெக்ட்ரீஷியன் பாத்த பிறகு போடலாம்.

சந்தேகக் கேஸைப் பிடிக்கிறது

முதல் வேலை பென்சில். சீலிங்ல இருக்கிற கறையோட விளிம்பைச் சுத்திக் கோடு போட்டு, தேதி எழுதுங்க. அடுத்த மழைக்கு அப்புறம் கோட்டைத் தாண்டிச்சா இல்லையான்னு பாருங்க. தாண்டலன்னா அது பழைய காயம், இப்போ கசிவு இல்லாம இருக்கலாம். மழையே இல்லாத ஏப்ரல், மே மாசத்துல தாண்டிச்சுன்னா கூரையைத் திட்டாதீங்க. மேல இருக்கிற தண்ணி டேங்க், அதோட வால்வு, குழாய், இல்லன்னா ஏசி தண்ணி விடுற பைப், இதுல ஏதோ ஒண்ணுதான். டேங்க்கை நேரா தளத்து மேல வெச்சிருப்பாங்க. அடியில எப்பவும் ஈரம், பாக்கவும் முடியாது. சின்ன மேடை கட்டி அதுக்கு மேல வெச்சா அடியில குனிஞ்சு பாக்கலாம், துடைக்கலாம்.

மழையோடதான் வருதுன்னா, மாடியைப் பகுதி பகுதியா சோதிக்கணும். காஞ்ச நாள்ல ஹோஸ் பைப் எடுத்து, முதல்ல குழாய் வாயைச் சுத்தி மட்டும் ஒரு மணி நேரம் தண்ணி விட்டு, சீலிங்கைப் பாத்துக் காத்திருங்க. ஒண்ணும் ஆகலன்னா, மறுநாள் கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற ஓரம். அதுலயும் இல்லன்னா நடு மாடி. மொத்தமா எல்லா இடத்துலயும் தண்ணி அடிச்சா ஒழுகுறது தெரியும், எங்கேன்னு தெரியாது. அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்.

என்னைக் கேட்டா, பெரும்பாலும் குற்றவாளி நடு மாடி இல்ல. ஓரம்தான். ஏன்னு சொல்றேன். 10 மீட்டர் நீள கான்கிரீட் சிலாப், வெப்பம் 30 டிகிரி ஏறினா சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். மே மாசம் மதியம் கொதிக்கிற மாடி, விடியக்காலையில குளிருது. தினமும் நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி, அதோட ஓரத்துல நிக்கிற கைப்பிடிச்சுவரைத் தள்ளிக்கிட்டே இருக்கு. அதனாலதான் வீட்டுக்கு வெளிப்பக்கம் நின்னு பாத்தா, சிலாப் மட்டத்துல சுவர்ல படுக்கையா ஒரு விரிசல் ஓடும். அந்த விரிசல்ல சிமென்ட் அடைச்சா என்ன ஆகும்? சிமென்ட்டுக்கு நீளவும் தெரியாது, சுருங்கவும் தெரியாது. அடுத்த கோடையில பக்கத்துலயே புது விரிசல்.

இதோட சேர்த்து, தளத்துல ஆணி அடிச்ச இடம், போல்ட் போட்ட இடம் எல்லாத்தையும் பாருங்க. பழைய டிஷ் ஆன்டெனா ஸ்டாண்ட், துணி காயப்போடுற கம்பம், சோலார் ஹீட்டர் கால். டிஷ்ஷைக் கழட்டிக் கொண்டுபோன ஆளு ஓட்டையைக் கழட்டிக் கொண்டுபோகல.

அப்புறம் அரசங்கன்று. காக்கா எச்சத்துல வந்த விதை கைப்பிடிச்சுவர் விரிசல்ல முளைக்கும். ரெண்டு இலை இருக்கும்போது விரலால இழுத்தா வேரோட வரும். அழகா இருக்கேன்னு விட்டா, ரெண்டு மழைக்கு அப்புறம் வேர் சுவரையே பிளக்கும். மேல வெட்டிவிட்டா மறுபடி துளிர்க்கும், சுவரை உடைச்சு வேரை எடுக்கிற வரைக்கும் அந்தச் செலவு காத்துக்கிட்டே இருக்கும்.

துருப்பிடிச்ச கம்பி

இந்த இடத்துல வேகத்தைக் குறைக்கிறேன்.

நல்ல கான்கிரீட்டுக்கு காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உருவாக்கி, துருப்பிடிக்காம வெச்சிருக்கும். வருஷம் ஆக ஆக காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைச்சுக்கிட்டே வரும். கடலோர ஊர்ன்னா உப்புக் காத்தும் சேர்ந்துக்கும். வீட்டு சிலாப்ல கம்பிக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் மறைப்பு 20 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், வேலை சரியா நடக்காத வீட்ல அதுவும் இருக்காது. மேலேருந்து தண்ணியும் தொடர்ந்து இறங்கினா கம்பி துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

துரு பிடிச்சா கம்பி மெலியுதுன்னு மட்டும் நினைக்கிறோம். அதை விட அவசரமான விஷயம், துருவுக்கு இடம் அதிகமா வேணும். இரும்பு எடுத்துக்கிட்ட இடத்தைப் போல ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும். உள்ளே இருந்து அது தள்ளத் தள்ள, கீழே இருக்கிற கான்கிரீட் மறைப்பு விரிஞ்சு, ஒரு நாள் பாளம் பாளமா பெயர்ந்து விழுது. கட்டில் மேல, தொட்டில் மேல, யார் இருக்காங்கன்னு பாத்து விழாது.

இது ஒரே ராத்திரியில வர்றது இல்ல, முன்கூட்டியே அடையாளம் காட்டும். வெறும் ஓதம்னா கறை வட்டமா, ஒழுங்கில்லாம இருக்கும், வெள்ளையா உப்பு பூக்கும், பெயின்ட் உரியும். கம்பி பிரச்சனைன்னா கோடு நேரா இருக்கும். சீலிங்ல ஒரே இடைவெளியில நேர்க்கோடா விரிசல், அதுல துருநிறக் கசிவு. நீளமான குச்சியால சீலிங்கை மெல்லத் தட்டுங்க, நேர் கீழே நிக்காம கொஞ்சம் ஒதுங்கி நின்னு. நல்ல இடம் 'டங்'குன்னு கெட்டியா சத்தம் குடுக்கும். பிரிஞ்சு நிக்கிற இடம் காலிப் பானையைத் தட்டின மாதிரி கேக்கும். சிலாப் நடுவுல தொய்ஞ்ச மாதிரி தெரிஞ்சா தட்டிக்கூடப் பாக்க வேண்டாம்.

இந்த அடையாளத்துல ஒண்ணு இருந்தாலும், முதல்ல அந்த இடத்துக்குக் கீழே இருக்கிற கட்டிலை நகர்த்துங்க. ரெண்டாவதா ஸ்ட்ரக்ச்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. பெயின்ட் கான்ட்ராக்டரோ, கோட்டிங் கம்பெனி ஆளோ இதைத் தீர்மானிக்கக் கூடாது. சரிசெய்யுற முறை சுருக்கமா இது: தேவைப்பட்டா முட்டுக் குடுத்து, பிரிஞ்ச கான்கிரீட்டை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியோட பின்பக்கம் வரைக்கும் திறந்து, துருவை முழுசா சுரண்டணும். கம்பி எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு அளந்து, ரொம்பப் போயிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்க்கணும். துரு தடுக்கிற பூச்சு அடிச்சு, பாலிமர் கலந்த கலவையால அடுக்கடுக்கா நிரப்பணும். இதுக்குப் பதிலா யாராவது "கொஞ்சம் பூசிவிட்டு பட்டி பாத்துடலாம்"னு சொன்னா, துரு உள்ளேயே வேலையைத் தொடரும், நீங்க பாக்க முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சீலிங்குக்கு அடியில இருந்து 'டேம்ப் ப்ரூஃப்' பெயின்ட் அடிக்கிறது பத்தியும் என் கருத்து இதேதான். மேல வழி திறந்திருக்கும்போது கீழே கதவைச் சாத்தினா தண்ணி சிலாப்புக்குள்ளயே நிக்கும். வாடகை வீட்டைக் காட்டுறதுக்கு முன்னாடி இப்படி ஒரு அடி அடிக்கிறது எல்லா ஊர்லயும் நடக்குது. வீடு பாக்கப் போனா, கடைசி மாடி சீலிங்ல ஒரு இடம் மட்டும் புதுசா வெள்ளையா இருந்தா காரணம் கேளுங்க.

சரி, இப்போ பழுது

வரிசையைச் சொல்லிடுறேன்: முதல்ல வழி, அடுத்து வாட்டம், அடுத்து இணைப்பு, கடைசியில கோட்டிங்.

வழின்னா குழாய். வாயில மேல குவிஞ்ச மாதிரி சல்லடை மூடி போடுங்க. தட்டையான ஜல்லடைய ஒரே ஒரு இலை மூடிடும். ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி கீழே எப்போ வருதுன்னு பாருங்க, அடைப்பு பல நேரம் கீழ் வளைவுலதான் இருக்கும். தமிழ்நாட்டுல 2003-லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிடுச்சு, அதனால உங்க குழாய் கீழே ஒரு தொட்டிக்கோ குழிக்கோ போகலாம். அந்தக் குழி மண் நிறைஞ்சு கிடந்தாலும் தண்ணி மேலதான் நிக்கும். கைப்பிடிச்சுவர்ல, தளத்துல இருந்து ரெண்டு மூணு இன்ச் உயரத்துல ஒரு வழிதல் ஓட்டை விட்டு வைக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு. குழாய் அடைச்சுக்கிட்டா வெளியே அருவி மாதிரி கொட்டும், தெருவே உங்களுக்குச் சொல்லும்.

வாட்டம் கொஞ்ச இடத்துலதான் போயிருக்குன்னா அங்கே மட்டும் ஓட்டைப் பெயர்த்து மட்டம் சரி செய்யலாம். முழு மாடியும் போயிடுச்சுன்னா, நிறைய பேர் செய்யுறது பழசு மேலயே இன்னொரு அடுக்கு சிமென்ட் போடுறது. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு இன்ச் சிமென்ட் கலவை, 1,000 சதுர அடிக்கு கிட்டத்தட்ட 5 டன். ரெண்டு இன்ச்னா 10 டன். இன்னொரு தடவை பத்து வருஷம் கழிச்சு, இன்னொரு 5 டன். அந்த சிலாப் இதுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கட்டினது இல்ல. அதுவும் அடியில ஈரமான பழைய ஜல்லியை மூடி வெச்சுட்டு. பழசை எடுத்துட்டுப் போடுறது செலவு அதிகம், அழுக்கு அதிகம், ஆனா அதுதான் சரி. எடுக்கும்போது பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளி சுத்தியல் போதும். எடுத்த கல்லை மாடி நடுவுல குவிக்க விடாதீங்க. அன்னன்னைக்கே இறக்கச் சொல்லுங்க.

இணைப்புக்கு வருவோம். வாட்டம் நல்லா இருந்து, ஓடுகளோட இணைப்பு மட்டும் விட்டிருந்தா, பழைய கலவையைச் சுரண்டி எடுத்துட்டு, வாட்டர்ப்ரூஃபிங் மருந்து கலந்த கலவையால மறுபடி அடைச்சாலே பல வீட்ல கதை முடிஞ்சுடும். எந்த டப்பாவும் வாங்க வேண்டியதில்ல. சுவரும் தளமும் சேர்ற மூலையை 90 டிகிரியா விடாம உள்பக்கம் வளைவா பூசணும், அப்போதான் தண்ணி அங்கே நிக்காது. அசையுற விரிசலை 'வி' மாதிரி வெட்டி, தூசு எடுத்து, பாலியூரித்தேன் சீலன்ட் மாதிரி நெகிழுற பொருளால நிரப்பணும். அது சிலாப்போட சேர்ந்து நீளும், சுருங்கும்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் உங்க மெயில் கேள்வி: எந்த கோட்டிங்?

பிரஷ்ல அடிக்கிற வெள்ளை அக்ரிலிக் கோட்டிங் மலிவு, வெயிலைத் திருப்பி அனுப்பும், அறை கொஞ்சம் குளிரும். ஆனா தேங்குற தண்ணியில நாள்கணக்கா ஊறினா உரியும். மூணு முதல் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்கணும்னு நினைச்சுக்கிட்டு வாங்கணும். சிமென்ட்டும் பாலிமரும் கலந்து அடிக்கிற வகை, மேல டைல்ஸ் வரப்போகுதுன்னா அடியில போட நல்லது. பாலியூரித்தேன் கோட்டிங் விலை அதிகம், உழைப்பும் அதிகம், ஆனா ஈரம் இருந்தா ஒட்டவே ஒட்டாது. நெருப்பால சுட்டு ஒட்டுற கருப்பு ஷீட்டை மேல எந்த மறைப்பும் இல்லாம விட்டா வெயிலை முழுக்க வாங்கும், கீழ் அறையில தூங்குறவங்க உங்களைத் திட்டுவாங்க. வத்தல் காயப்போட்டு, துணி உலர்த்தி, பசங்க விளையாடுற சாதாரண வீட்டு மாடிக்கு, பழசு முழுசா போயிட்டா என் ஓட்டு இன்னும் ஜல்லி போட்டு தட்டோடு பதிக்கிறதுக்குத்தான். அது தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிறதுதான் கஷ்டம்.

எதை அடிச்சாலும் தளம் காஞ்சிருக்கணும். அதுக்கு ஒரு எளிய சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டு தளத்துல ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்க. காலையில ஷீட்டுக்கு அடியில வேர்த்திருந்தா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு. அது மேல கோட்டிங் அடிச்சா, வெயில்ல அந்த ஈரம் ஆவியாகி கோட்டிங்கைக் கொப்புளமா தூக்கிடும். சென்னைப் பக்கம் மாசியில இருந்து சித்திரை வரைக்கும்தான் இந்த வேலைக்கான காலம், அதுவும் கொதிக்கிற மதியத்துல இல்லாம காலையில, சாயங்காலத்துல. நவம்பர் மழைக்கு நடுவுல ஒரு நாள் வெயில் அடிச்சதும் ஆளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்றது பணத்தை வடிகால்ல விடுறதுதான். மழைக்காலத்துல முடிஞ்சது ரெண்டே ரெண்டு: வழியைச் சுத்தமா வெச்சுக்கிறது, விரிசல் மேல தற்காலிகமா ஒரு ஷீட் போட்டு மூடுறது.

வேலைக்கு ஆள் பேசும்போது விலையை முதல்ல கேக்காதீங்க. "அண்ணே, கோட்டிங் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன செய்வீங்க?" இதைக் கேளுங்க. "கழுவிட்டு ரெண்டு கோட் அடிச்சுடலாம் தம்பி"ன்னா நன்றி சொல்லிடுங்க. குழாய் வாயை எப்படி முடிக்கப் போறார், மூலைகள்ல வலை வெச்சு அடிப்பாரா, முதல் கோட் காய எவ்வளவு நேரம் விடுவார்னு அவரே சொல்ல ஆரம்பிச்சா விலை பேசலாம். வேலை முடிஞ்சதும் குழாயை அடைச்சு, ஒரு இன்ச் தண்ணி கட்டி, 48 மணி நேரம் விட்டுப் பாக்குறதை ஒப்பந்தத்துலயே எழுதுங்க. கடைசிப் பணம் அதுக்கு அப்புறம். ஒரே விதிவிலக்கு, கம்பி துருப்பிடிச்ச சந்தேகம் இருக்கிற சிலாப் மேல இன்ஜினியர் சொல்லாம தண்ணி கட்டாதீங்க.

அபார்ட்மென்ட், சோலார்

ஃப்ளாட் வாங்கி இன்னும் 5 வருஷம் ஆகலையா? 2016 ரெரா சட்டத்துல 14-வது பிரிவு உங்களுக்காக இருக்கு. பதிவு செஞ்ச ப்ராஜெக்ட்ல, வீடு கைக்கு வந்த நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள இலவசமா சரிசெய்யணும். ஃபோன்ல சொல்லாதீங்க. தேதியோட, போட்டோவோட, எழுத்துல குடுங்க. அந்தப் பென்சில் கோடு இங்கேயும் உதவும்.

பழைய அபார்ட்மென்ட்ல வேற சண்டை. "உங்க சீலிங்தானே ஒழுகுது, நீங்களே பாத்துக்கோங்க"ன்னு கடைசி மாடி அங்கிள்கிட்ட அசோசியேஷன் சொல்லும். மாடி பொதுப் பகுதி, எல்லாரும்தான் சோலார் வைக்கவும் புத்தாண்டு கொண்டாடவும் மேல ஏறுறாங்க. பராமரிப்புச் செலவும் எல்லார் தலையிலயும்தான் வரணும். அவர் வீட்டு சீலிங்ல இருக்கிற கம்பி மொத்தக் கட்டடத்தோட கம்பி.

சோலார் சொன்னதால இதையும் சொல்லிடுறேன். 2024-ல பிஎம் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு நிறைய வீட்ல பேனல் ஏறுது. பேனல் 25 வருஷம் இருக்கும், அதுக்கு அடியில இருக்கிற தளத்தை நடுவுல தொடுறது பெரிய தலைவலி. அதனால மாடி வேலையை முதல்ல முடிச்சுட்டு, ஒரு மழைக்காலம் பாத்துட்டு பேனல் போடுங்க. ஸ்டாண்ட் கால்களைத் தளத்துல துளைபோட்டு இறுக்குறாங்களா, கான்கிரீட் கட்டை மேல நிறுத்துறாங்களான்னு ஆர்டர் குடுக்கும்போதே கேளுங்க. துளைதான்னா ஒவ்வொரு துளையையும் எதால, எப்படி அடைப்பாங்கன்னு எழுதி வாங்குங்க. கட்டைதான்னா காத்துக்குத் தாங்குற அளவு எடை இருக்கான்னும், அந்த எடையைத் தளம் தாங்குமான்னும் கேக்கணும். அப்புறம் கட்டைகளை வாட்டத்துக்குக் குறுக்கே வரிசையா வெச்சுடாம பாத்துக்கோங்க. அணை கட்டின மாதிரி தண்ணி அதுக்குப் பின்னாடி நிக்கும்.

அடுத்த எபிசோட்ல வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. பார்ப்போம்.